வாடகை வீட்டில் தீப்பிடித்தால்: பாரத் கிருஹ ரக்ஷா யாருக்கு, எதைத் தரும்?

வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "லோன் போடும்போதே பேங்க்ல எடுத்துட்டாங்க." இன்னொன்று, "கான்கிரீட் வீடு, இதுல எரியுறதுக்கு என்ன இருக்கு?"

முதல் பதில் சொல்பவர்கள் அந்த பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. கடனோடு சேர்த்து எடுக்கப்படுவது பல நேரங்களில் கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடுதான். வீடு எரிந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. இரண்டாவது பதில் பாதிதான் சரி. சமையலறையில் பிடித்த தீ அரை மணி நேரம் நின்று எரிந்தால் கூரையின் பூச்சு உதிர்ந்து கம்பி தெரியும், வயரிங் முழுக்க உருகிவிடும், டைல்ஸ் வெடிக்கும், கதவு ஜன்னல் கரியாகும். சிலிண்டர் வெடித்தால் சுவரே தாங்காது.

வீடுகளுக்கென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது பாலிசிதான் பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரைப் பார்த்து மானியம் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பிரீமியம் முழுக்க நம் பணம்தான். தீ விபத்துக் காப்பீடு விற்கும் எல்லாப் பொதுக் காப்பீட்டு (ஜெனரல் இன்சூரன்ஸ்) நிறுவனங்களும் இதைக் கட்டாயம் தர வேண்டும், அடிப்படை விதிகள் எல்லா இடத்திலும் ஒன்றே. பிரீமியம்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் நாலு இடத்தில் விலை கேட்டு வாங்குவதில் நஷ்டம் ஏதுமில்லை.

தீ மட்டுமல்ல, இடி, வெடிவிபத்து, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, வண்டி மோதுவது, மரம் விழுவது, கலவரம், பயங்கரவாதச் செயல், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து ஏற்படும் சேதம் என்று பட்டியல் நீளமானது. 2015 சென்னை வெள்ளத்தையும் 2018 கஜா புயலையும் பார்த்த நமக்குத் தீயைவிடத் தண்ணீரும் காற்றும்தான் பெரிய பயம். அவை தனிக் கட்டணம் இல்லாமலே உள்ளே இருக்கின்றன. வெள்ளத்துக்குப் பயந்து பூட்டிவிட்டுப் போன வீட்டில், அந்த வெள்ளத்தைச் சாக்காக வைத்து 7 நாளுக்குள் திருட்டு நடந்தால் அதற்கும் இழப்பீடு உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்துத் திருடினால் கிடையாது. அதற்குத் திருட்டுக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். மனையின் விலையை இதில் சேர்க்கவே கூடாது, நிலம் எரியாது. வீட்டின் கார்பெட் ஏரியாவை, அதாவது சுவர்களுக்குள் புழங்கும் பரப்பை, இன்றைய கட்டுமானச் செலவால் பெருக்கினால் போதும். 800 சதுர அடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 20 லட்சம். சந்தையில் அந்த வீடு 70 லட்சம் போகலாம்; பாலிசிக்கு அது தேவையில்லாத கணக்கு. சுற்றுச்சுவர், கேட், செப்டிக் டேங்க், சோலார் பேனல் எல்லாமே கட்டடத்தோடு சேர்ந்தவை. 10 ஆண்டு வரை மொத்தமாகவே எடுக்கலாம், அப்படி எடுத்தால் காப்புத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயரும், கூடுதல் பிரீமியம் இல்லை.

பழைய தீக்காப்பீட்டில் ஒரு பெரிய வில்லங்கம் இருந்தது. 20 லட்சம் மதிப்புள்ள வீட்டை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 4 லட்ச ரூபாய் சேதத்துக்கு 2 லட்சம்தான் தருவார்கள். கிருஹ ரக்ஷாவில் அந்தக் கழிவு இல்லை. காப்புத் தொகைக்கு உட்பட்டு முழுச் சேதமும் கிடைக்கும். என் பார்வையில் இந்த பாலிசியின் மிக நல்ல அம்சம் இதுதான்.

வீட்டு உரிமையாளர்கள் அதிகம் கவனிக்காதது வாடகை இழப்பு. வீடு எரிந்தோ வெள்ளத்தில் மூழ்கியோ குடியிருக்க முடியாமல் போனால், பழுது பார்க்கத் தேவைப்படும் நியாயமான காலத்துக்கு, அதிகபட்சம் 3 ஆண்டு வரை, இழந்த வாடகையை பாலிசியே தரும். கட்டடச் சேதத்துக்கான கிளெய்ம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். வீடு வசிக்கத் தகுதியில்லை என்பதற்குச் சான்றும் வேண்டும். இது ஏன் முக்கியம் என்றால், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவுப்படி, தீ, புயல், வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்து நிரந்தரமாகப் பயன்படாமல் போனால், குடியிருப்பவர் தன் தவறால் நேராதபட்சத்தில் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விடலாம். அவரிடம் வாடகை கேட்க முடியாது. இ.எம்.ஐ. மட்டும் மாதாமாதம் வந்து நிற்கும்.

வாடகை இழப்பைக் கேட்கும்போது வாடகை எவ்வளவு என்று நிரூபிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 8,000 என்று எழுதி, மீதி 7,000-ஐக் கையில் வாங்கும் பழக்கம் இங்கேதான் கடிக்கும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் அமலில் உள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். பதிவான ஒப்பந்தமும் வங்கிக் கணக்கில் வந்த வாடகையும் கையில் இருந்தால், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் வாதாட வேண்டியதே இல்லை. அதே சட்டத்தின் அட்டவணைப்படி வீட்டின் மின்வயரிங்கைச் சரிசெய்வது உரிமையாளர் பொறுப்பு, ஸ்விட்ச்சும் பிளக் பாயிண்டும் குடியிருப்பவர் பொறுப்பு. ஷார்ட் சர்க்யூட் என்று வந்துவிட்டால் இந்தப் பிரிவினையை வைத்துத்தான் சண்டையே நடக்கும்.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்பதை விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள். சொந்தக் குடியிருப்பாக எடுத்து நடுவில் வாடகைக்கு விட்டாலும் எழுத்தில் தெரிவியுங்கள், ஒப்புகையை வாங்கி வையுங்கள். கீழ்த்தளத்தைக் கடைக்கு விட்டிருந்தால் அந்தப் பகுதிக்கு இந்த பாலிசி பொருந்தாது. 5 கோடி வரையிலான தொழில் சொத்துகளுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற வேறு பாலிசி இருக்கிறது.

இனி குடியிருப்பவர் பக்கம். ஹவுஸ் ஓனர் பாலிசி எடுத்திருக்கிறார், நமக்கும் சேர்த்துத்தான் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். உங்கள் பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், பிள்ளைகளின் லேப்டாப் எதுவும் அதில் வராது. கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் கிருஹ ரக்ஷா எடுக்கலாம், அது உங்களுக்கானது. ரொக்கம் பொதுவாக வராது. நகைக்கு மதிப்பைச் சொல்லித் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். உரிமையாளருக்குப் பொருட்களுக்கான காப்பு கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்ச ரூபாய் வரம்புக்குள், தானாகவே சேரும். ஆனால் அது அவர் வாங்கிப் போட்ட கட்டில், கீசர், ஃபேன் போன்றவற்றுக்குத்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. உங்கள் அலட்சியத்தால் தீப்பிடித்தது என்று தெரிந்தால், உரிமையாளருக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அந்தத் தொகையை உங்களிடம் கேட்க உரிமை பெறுகிறது. அயர்ன் பாக்ஸை அணைக்காமல் போனதற்கெல்லாம் வழக்கு வருமா என்று சிரிக்கலாம். சேதம் லட்சங்களில் போனால் வரலாம்.

சமையல் எரிவாயு விபத்துக்கு, பாலிசியே எடுக்காதவர்களுக்கும் ஒரு உரிமை இருக்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. சொத்துச் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவான முகவரியில் விபத்து நடந்தால்தான். வீடு மாறும்போது பழைய முகவரியிலேயே இணைப்பை வைத்துக்கொண்டு சிலிண்டரை மட்டும் தூக்கிப் போகிறவர்கள் இதை இழக்கிறார்கள். ஏஜென்சியில் முகவரி மாற்ற ஒரு அரை நாள் ஆகும், அவ்வளவுதான்.

விபத்து நடந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். சர்வேயர் வருவதற்குள் வீட்டைக் கழுவிச் சுத்தம் செய்துவிடாதீர்கள். பாதுகாப்புக்காக அகற்ற வேண்டியதை மட்டும், படமெடுத்துவிட்டு அகற்றுங்கள். இடிபாட்டை அள்ளும் செலவுக்கு கிளெய்ம் தொகையில் 2 சதவீதமும், பொறியாளர், கட்டடக் கலைஞர் கட்டணத்துக்கு 5 சதவீதமும் வரை பாலிசியிலேயே இருக்கிறது. கேட்காவிட்டால் யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

புதுக் கட்டடம் உட்கார்வதால் வரும் விரிசல், பக்கத்து மனையில் தோண்டியதால் இறங்கிய சுவர், மோசமான கட்டுமானத்தின் விளைவு ஆகியவற்றுக்கு இழப்பீடு இல்லை. குறைத்துக் கொடுத்தாலோ மறுத்தாலோ முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தியில்லாவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் 50 லட்ச ரூபாய் வரையிலான பிரச்சினையைக் கட்டணமில்லாமல், வக்கீல் வைக்காமல் கொண்டு போகலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும்.