ஏசி நின்று நின்று ஓடுகிறதா? கேஸ் போடும் முன் பால்கனிக்குப் போய்ப் பாருங்கள்

நான் ஏசி மெக்கானிக். போன மே மாதம் சென்னை வேளச்சேரியில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டார்: "தம்பி, முதல்லயே சொல்லிடறேன். இந்தக் கோடைக்கு மட்டும் மூணு தடவை கேஸ் போட்டாச்சு. நாலாவது தடவையும் கேஸ்தான்னு சொன்னா, மெஷினைக் கழட்டி நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

ஏசி போட்டால் பத்து நிமிடம் நன்றாகக் குளிர்கிறது. அப்புறம் அரை மணி நேரம் வெறும் காற்று. மறுபடி பத்து நிமிடம் குளிர். ராத்திரி முழுக்க இதே கதை. உள்ளே கட்டிலில் அவர் கணவர் படுத்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறதாம். வியர்த்தால் தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாத மனிதர். அந்த வீட்டில் ஏசி சொகுசுக்காக வாங்கியது இல்லை.

கேஸ் என்பது ஏசியின் குழாய்க்குள் சூட்டைச் சுமந்து சுற்றும் வாயு. அதன் பிரஷரை அளக்கும் கேஜை நான் பையிலிருந்து எடுக்கவே இல்லை. ஏசியை 24 டிகிரியில் போடச் சொல்லிவிட்டு, பால்கனியில் அவுட்டோர், அதாவது ஏசியின் வெளிப்பெட்டி, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒன்பதாவது நிமிடம் 'டக்' என்று ஒரு சத்தம். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் உறுமல் நின்றது. ஆனால் அவுட்டோர் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. பாதி விஷயம் அப்போதே தெரிந்துவிட்டது.

ஏன் என்று சொல்கிறேன். இதை ஏசி வைத்திருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதலில், ஏசி நின்று ஓடுவதே கோளாறு கிடையாது. இன்வெர்ட்டர் வகை அல்லாத சாதாரண ஏசி அப்படித்தான் வேலை செய்யும். நீங்கள் வைத்த அளவுக்கு அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் நிற்கும், சூடு ஏறியதும் மறுபடி ஓடும். இதைத்தான் 'கட் ஆஃப்' என்கிறோம். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடி, சில நிமிடம் நின்று, மறுபடி ஓடினால் அது ஆரோக்கியமான ஏசி. அக்னி நட்சத்திரத்தில் மதியம் 2 மணிக்கு நிற்காமல் ஓடுவதும், மார்கழி விடியற்காலையில் அடிக்கடி நிற்பதும் இயல்புதான். இரண்டு மூன்று நிமிடம் ஓடி நிற்கிறது, அல்லது அறை குளிர்வதற்கு முன்பே நிற்கிறது என்றால்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கம்ப்ரஸர், சாதாரணமாக ஓடும்போது எடுப்பதைப் போல நான்கு ஐந்து மடங்கு மின்சாரத்தை ஒரு கணம் இழுக்கிறது. ஒரு மணி நேரத்தில் பதினைந்து முறை கிளம்பினால் அது எத்தனை நாள் தாங்கும்?

நிற்பதிலும் மூன்று விதம் உண்டு. எந்த விதம் என்று பார்க்க மெக்கானிக் தேவையில்லை. பால்கனிக்குப் போய் அவுட்டோரைப் பார்த்தாலே போதும்.

கம்ப்ரஸரும் அவுட்டோர் ஃபேனும் சேர்ந்து நின்று, உள்ளே இன்டோர் மட்டும் காற்றை ஊதிக்கொண்டிருந்தால், நிறுத்தியது ஏசியின் போர்டு, அதாவது எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்று முடிவு செய்யும் மின்னணு அட்டை. 'போதும், குளிர்ந்துவிட்டது' என்று அது நினைக்கிறது. நினைப்பு சரியா தப்பா என்பது வேறு கேள்வி. கம்ப்ரஸர் மட்டும் நின்று அவுட்டோர் ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தால், போர்டு நிறுத்தவில்லை. கம்ப்ரஸருக்குள்ளோ அதன் தலையிலோ இருக்கும் ஓவர்லோடு என்ற சின்னப் பாகம், சூடு தாங்காமல் இணைப்பைத் துண்டித்திருக்கிறது. அது ஆறி மறுபடி ஒட்ட இருபது நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். மூன்றாவது, இன்டோரில் எரியும் லைட், நம்பர் எல்லாமே அணைந்து மொத்தமாக உயிர் போவது. அப்படியானால் ஏசியைத் திட்டாதீர்கள்; கரண்ட் வரும் வழியில்தான் பிரச்சினை.

இன்வெர்ட்டர் ஏசிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அது வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும் ஜாதி. கோளாறு வந்தால் பெரும்பாலும் லைட்டைச் சிமிட்டியோ ஒரு எண்ணைக் காட்டியோ சொல்லிவிடும். ஸ்விட்சை அணைத்துப் போட்டால் அந்த எண் மறைந்துவிடலாம். அதற்கு முன் மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எங்களுக்கு அது பெரிய உதவி.

சரி, வேளச்சேரிக்கு வருவோம். அங்கே நடந்தது இரண்டாவது விதம். கம்ப்ரஸர் ஏன் சூடாகிறது? திரும்பிப் பார்த்தால் பதில் கண்ணெதிரே இருந்தது. மழைச்சாரல் அடிக்கிறது, புறா வருகிறது என்று பால்கனி கிரில் முழுவதையும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு அடைத்திருந்தார்கள். அவுட்டோருக்கு முன்னால் கொடியில் பெரியவரின் ஈரவேட்டியும் துண்டுகளும். அறையிலிருந்து எடுத்த சூட்டையெல்லாம் அவுட்டோர் வெளியே ஊத வேண்டும். அது ஊதுகிறது, சூடான காற்று வேட்டியில் முட்டி, ஷீட்டில் முட்டி, பின்பக்கமாகத் திரும்பி அதன் மூக்குக்கே வருகிறது. கையை வைத்துப் பார்த்தேன், அடுப்படி மாதிரி இருந்தது. பின்பக்கக் காயிலில், அதாவது கேஸ் ஓடும் வளைகுழாய்களும் தகடுகளும் உள்ள பாகத்தில், டார்ச் அடித்தேன். மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஓர் ஊசி நுழைய இடமில்லை. தூசி, புறா இறகு, துணியின் பஞ்சு எல்லாம் சேர்ந்து கம்பளி போலப் படிந்திருந்தது.

கம்ப்ரஸர் இழுக்கும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினேன். ஏசியில் ஒட்டியிருந்த விவரப் பட்டையில் அச்சிட்டிருந்த அளவு 7.4 ஆம்பியர். மீட்டர் 9-ஐத் தாண்டி 10.5 வரை ஏறிவிட்டு 'டக்'. இது போதாதென்று மூன்று முறை கேஸும் ஏற்றியிருக்கிறார்கள். தேவைக்கு மேல் கேஸ் ஏறினால் பிரஷர் ஏறும், கம்ப்ரஸருக்குச் சுமை இன்னும் கூடும். நோய் ஒன்று, கொடுத்த மருந்து வேறொன்று; அந்த மருந்தே நோயைப் பெரிதாக்கியிருக்கிறது.

ஷீட்டை ஒரு பக்கம் கழற்றி வலை கட்டினோம். கொடியை சமையலறைப் பக்கம் மாற்றச் சொன்னேன். அவுட்டோரைப் பிரித்து, ஃபேன் மோட்டாரையும் வயரிங்கையும் பிளாஸ்டிக் கவரால் மூடிக்கொண்டு காயிலை உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவினேன். பக்கெட் தண்ணீர் கறுப்பாக ஓடியது. இருந்த கேஸை மீட்புச் சிலிண்டரில் எடுத்துவிட்டு, வேக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, பட்டையில் உள்ள எடைக்குத் தராசு வைத்து ஏற்றினேன். மீட்டர் 7.2-இல் நின்றது. முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். இந்த முறை கம்ப்ரஸரும் ஃபேனும் சேர்ந்தே நின்றன. அறை குளிர்ந்து, ஒழுங்காக வந்த கட் ஆஃப்.

கேஸ் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏசி கேஸ் வண்டிக்கு போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற வேலை. குழாய் சேரும் ஃப்ளேர் நட்டில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றே காயிலை அரித்துவிடுகிறது. "கேஸ் கம்மி" என்று ஒருவர் சொன்னால், "லீக் எங்கே இருக்கு, காட்டுங்க" என்று கேளுங்கள். நைட்ரஜன் பிரஷர் போட்டு, சோப்பு நுரை வைத்துக் காட்ட முடியும். "வேக்குவம் போடுவீங்களா, எடை வைச்சு ஏத்துவீங்களா" என்றும் கேளுங்கள். இது அவரைச் சந்தேகப்படுவது ஆகாது. ஒழுங்காக வேலை செய்கிறவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். புது ஏசிகளில் வரும் ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பிடிக்கக்கூடியது என்பதால், குழாயில் கேஸ் இருக்கும்போதே நெருப்பு வைத்து அந்தக் குழாயைப் பற்றவைத்து ஒட்டக் கூடாது. தெரியாதவர் கையில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இப்போது முதல் விதம், அதாவது போர்டே நிறுத்துவது. அறை 30 டிகிரியில் புழுங்கும்போது 'குளிர்ந்துவிட்டது' என்று போர்டு ஏன் நினைக்கிறது? அதற்குத் தகவல் சொல்வது ஒரு சின்ன சென்சார். இன்டோரில் ஃபில்டருக்குப் பின்னால், காயிலைத் தொடாமல், ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டியிருக்கும். மிளகு அளவுதான் அதன் தலை. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது கிளிப்பிலிருந்து நழுவி காயிலின் மேல் சாய்ந்துவிட்டால், அது அறைக் காற்றை அளக்காது, ஐஸ் போன்ற காயிலை அளக்கும். நாலே நிமிடத்தில் கட் ஆஃப். "சர்வீஸ் பண்ணதுக்கு அப்புறம்தான் இப்படி ஆச்சு" என்று யார் சொன்னாலும் நான் முதலில் தேடுவது அந்தக் கிளிப்பைத்தான். பல வீடுகளில் அதைத் திரும்ப மாட்டிவிட்டு ஒரு ரூபாய் பாகம்கூட மாற்றாமல் வந்திருக்கிறேன்.

சென்சார் சரியான இடத்தில் இருந்தும் ஏமாறுவது உண்டு. பரணுக்கு அடியில் ஒட்டி மாட்டிய இன்டோர், எதிரே உயரமான பீரோ, காற்று வரும் வழியில் திரைச்சீலை. குளிர்ந்த காற்று அறைக்குள் போகாமல் முட்டித் திரும்பி மேலேயே ஏறிக்கொள்ளும். ஏசிக்குக் குளிர், உங்களுக்குப் புழுக்கம்.

ஃபில்டரைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், நானும் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் காட்டிக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். ஃபில்டர் அடைத்தால் காயிலில் காற்றோட்டம் குறைந்து ஐஸ் கட்டும். ஐஸ் கட்டுவது தெரிந்ததும் சில ஏசிகள் தம்மைத் தாமே நிறுத்திக்கொள்ளும். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும் என்பதால்தான் இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஐஸைப் பார்த்தால் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ குத்தாதீர்கள், காயில் ஓட்டையாகிவிடும். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் ஓரிரு மணி நேரம் விடுங்கள், தானே உருகிவிடும்.

மூன்றாவது விதம் புறநகரில் அதிகம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் லைனின் கடைசி வீடு, ராத்திரி 9 மணிக்குத் தெருவே ஏசி போடும் நேரம். 230 இருக்க வேண்டிய வோல்டேஜ் 170-க்கு இறங்கும். ஸ்டெபிலைசர் ஏசியைக் காப்பாற்ற லைனைத் துண்டிக்கும், மூன்று நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கும். ஏசி கிளம்பியதும் வோல்டேஜ் மறுபடி விழும். எனக்கு வரும் போனில், "ஏசி ரிப்பேர்" என்பார்கள். ராத்திரி ஸ்டெபிலைசரில் தெரியும் எண்ணைப் போட்டோ எடுத்து மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால், லோடு வேறு ஃபேஸுக்கு மாறி சரியான வீடுகள் உண்டு. ஸ்டெபிலைசர் தொல்லை என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள், பின்னால் கம்ப்ரஸருக்குச் செலவழித்ததையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பல்லி. கதகதப்புக்காக போர்டு பெட்டிக்குள் நுழைந்து, இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் கால் வைத்து, தானும் போய் போர்டையும் கொண்டுபோய்விடும். எறும்புக் கூட்டம் போர்டில் உள்ள ரிலே என்ற ஸ்விட்சுக்குள் புகுந்து காண்டாக்டைக் கெடுப்பதும் உண்டு. வயர் போகும் துளையை எம்-சீல் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை: அறைக்குப் பெரிதான ஏசி. பத்துக்குப் பத்து அறையில் 2 டன் போட்டால் சீக்கிரம் குளிரும் என்று கடையில் சொல்லி விற்றுவிடுகிறார்கள். சீக்கிரம் குளிரும், உண்மைதான். அதே வேகத்தில் நின்றும் விடும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச ஏசி தொடர்ந்து ஓட வேண்டும். ஓடாவிட்டால் சென்னை போன்ற ஊரில் அறை சில்லென்றும் உடம்பு பிசுபிசுவென்றும் இருக்கும். மொட்டைமாடி வெயில் நேராக இறங்காத நூறு, நூற்றிருபது சதுர அடி அறைக்கு 1 டன் போதும். வாங்கும் முன் அறையை அளந்துகொள்ளுங்கள்.

நீங்கள் இதைப் படிக்கும் இந்த நேரத்தில் உங்கள் வீட்டு ஏசி இப்படித்தான் நின்று நின்று ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், மெக்கானிக் வரும்வரை அதை ஓடவிடாதீர்கள். நின்றதும் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போடவும் வேண்டாம். உள்ளே பிரஷர் சமமாகும் முன் கிளம்பச் சொன்னால் கம்ப்ரஸர் திணறும். ஏசி பிளக்கின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தாலோ, சாக்கெட் பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தாலோ சாக்கெட்டைத் தொட வேண்டாம். எம்சிபியை (மீட்டர் பெட்டிப் பக்கம் இருக்கும் தானியங்கிப் பாதுகாப்பு ஸ்விட்ச்) இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தானாக விழுந்த எம்சிபியைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். அன்றைக்கு ஒரு ராத்திரி ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டுப் படுத்துக்கொள்ளலாம்.