சொல் விளக்கம்: மறுவெளியீடு (பிக் ஸ்டார் இசைத்தட்டுகளை முன்வைத்து)

பழைய இசைத்தட்டு ஒன்று மீண்டும் விற்பனைக்கு வருவதை ஆங்கிலத்தில் ரீஇஷ்யூ என்பார்கள். தமிழில் இதற்கு மறுபதிப்பு, மறுபதிவு, மறுவெளியீடு, மீள்வெளியீடு, ரீரிலீஸ், ரீமாஸ்டர் என்று வாய்க்கு வந்த சொல்லைப் போட்டு எழுதுகிறோம். மறுவெளியீடும் மீள்வெளியீடும்தான் சரியானவை. ரீரிலீஸ் திரைப்படத்துக்கு வழங்கிவிட்ட சொல். மற்ற மூன்றும் வேறு வேறு வேலைகளின் பெயர்கள். அவற்றை மாற்றிப் போட்டால், காசு கொடுத்து வாங்குபவருக்குக் கையில் என்ன வருகிறது என்பதே தெரியாமல் போகும்.

இஷ்யூ என்பதன் வேர் பழைய பிரெஞ்சின் ‘இஸ்ஸிர்’, அதாவது வெளியே போதல். அதற்கும் மூலம் லத்தீன் ‘எக்ஸிரே’: எக்ஸ் என்றால் வெளியே, ஈரே என்றால் போதல். தமிழில் வெளி + இடு. இடு என்ற வினையின் முதலெழுத்து நீண்டு ஈடு ஆகிறது. கெடு கேடானது போல, சுடு சூடானது போல, இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். இரண்டு மொழியிலும் ‘வெளி’ பொதுவாக இருக்கிறது. ஆனால் பிரெஞ்சுச் சொல்லில் பொருள் தானே வெளியே போகிறது. தமிழ்ச் சொல்லில் யாரோ ஒருவர் அதை எடுத்து வெளியே இட வேண்டும். இசைத்தட்டுத் தொழிலுக்குத் தமிழ்ச் சொல்தான் கச்சிதமாகப் பொருந்துகிறது. இடவேண்டியவர் இடாவிட்டால் எவ்வளவு நல்ல இசையும் கிடங்கிலேயே கிடக்கும். பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழுவுக்கு நடந்தது அதுதான்.

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், மெம்பிஸ் நகரம். அங்கே ஜான் ஃபிரை நடத்திவந்த ஆர்டென்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் உருவான நால்வர் குழு இது. கிட்டாரும் பாட்டும் கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன். பேஸ் கிட்டார் ஆண்டி ஹம்மல். டிரம்ஸ் ஜோடி ஸ்டீஃபன்ஸ். சில்டன் 1967-லேயே, பதினாறு வயதில், பாக்ஸ் டாப்ஸ் குழுவின் பாடகராக அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தைப் பார்த்தவர். குழுவின் பெயர், அந்த வட்டாரத்து மளிகைக் கடைத் தொடர் ஒன்றிலிருந்து எடுத்தது.

இவர்களுடையது மெலடிக் ராக். இன்னும் குறிப்பாகச் சொன்னால் பவர் பாப். இதை ‘மெல்லிசை ராக்’ என்று பெயர்ப்பது தவறான எதிர்பார்ப்பை உண்டாக்கும். நம் ஊரில் மெலடி என்றால் தாளம் தணிந்த, மெதுவான பாட்டு. இங்கே கிட்டார் கூர்மையாக, உரக்கவே ஒலிக்கும். மெட்டுதான் முன்னால் நிற்கும், அடுக்குக் குரல்கள் அதைத் தாங்கும். ‘மெட்டு முதன்மை ராக்’ என்று எழுதினால் பொருள் கெடாது.

முதல் தட்டு ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ 1972-இல் வந்தது. பத்திரிகைகள் மனமாரப் பாராட்டின. ஆர்டென்ட்டின் தட்டுகளை விநியோகித்தது அதே ஊரின் ஸ்டாக்ஸ் நிறுவனம். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் சோல் இசைக்குப் பேர்போன அந்த நிறுவனத்தால் ராக் தட்டுகளைக் கடைகளுக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. அதே ஆண்டு ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியாவிடம் ஒப்படைத்தது. கொலம்பியா பழைய சுயேச்சை விநியோகஸ்தர்களை ஒதுக்கியது. கடையில் இருந்த கொஞ்சநஞ்சத் தட்டும் திரும்பிப் போனது. முதல் சுற்றில் விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. மனமுடைந்த பெல் குழுவை விட்டு விலகினார். மீதி மூவரும் 1974-இல் கொண்டுவந்த ‘ரேடியோ சிட்டி’யும் இதே விநியோகச் சிக்கலில் மாட்டியது. ஸ்டாக்ஸ் 1975 இறுதியில் திவாலானது. மூன்றாவது தட்டுக்கான பதிவு 1974-இல் ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் நடந்தும், வாங்க ஆளில்லாமல் 1978 வரை வெளிவரவில்லை.

ஆக, 1972-இல் வெளியீடு என்று ஒன்று நடந்தது. பெரும்பாலான ரசிகர்களைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை. 1978-இல் இங்கிலாந்தில் இ.எம்.ஐ. முதல் இரண்டு தட்டுகளையும் இரட்டைத் தட்டாகச் சேர்த்து வெளியிட்டபோதுதான் பலர் காதில் இந்தக் குழு முதன்முதலாக விழுந்தது. அந்த ஆண்டின் டிசம்பர் 27 அன்று கிறிஸ் பெல் கார் விபத்தில் இறந்தார். வயது இருபத்தேழு. தன் பாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர் பார்க்கவே இல்லை. 1986-இல் பேங்கிள்ஸ் குழு ‘ரேடியோ சிட்டி’யின் ‘செப்டம்பர் கேர்ல்ஸ்’ பாட்டைத் தன் தட்டில் பாடியது. 1992-இல் ஃபேண்டசி நிறுவனம் முதல் இரு தட்டுகளை ஒரே சி.டி.யாகக் கொண்டுவந்தது, அதே ஆண்டு ரைகோடிஸ்க் மூன்றாவது தட்டையும், பெல் தனியாகப் பதிந்துவைத்த பாடல்களையும் வெளியிட்டது. 1993 ஏப்ரலில் சில்டனும் ஸ்டீஃபன்ஸும், போஸீஸ் குழுவின் இருவரைச் சேர்த்துக்கொண்டு, மிசௌரி பல்கலைக்கழகத்தில் மேடையேறினார்கள். மறுவெளியீடுகள் இல்லையென்றால் அந்த மேடையே இல்லை.

இனி, இந்தச் சொல் எதைச் சொல்லவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். மறுவெளியீடு என்பது உரிமையும் விற்பனையும் பற்றிய சொல். உரிமை வைத்திருப்பவர் மீண்டும் கடைக்கு அனுப்பினார், அவ்வளவுதான். ஒலி எப்படி இருக்கும் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. அதைச் சொல்வது மாஸ்டர்.

தமிழில் மாஸ்டர் என்றால் ஆள்: டீ மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர். லத்தீன் ‘மாகிஸ்தர்’ என்ற வேரும் ஆளைத்தான் குறித்தது. ஒலிப்பதிவில் அது ஒரு பொருள்: எந்தப் படியிலிருந்து மற்ற எல்லாப் படிகளும் எடுக்கப்படுகின்றனவோ அந்தப் படி. ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியில் இதற்கு ஆகிவந்த சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: மூலப்படி. ரீமாஸ்டரை ‘மறுசீரமைப்பு’ என்று எழுதுகிறார்கள். அது பழுதுபார்த்தலைக் குறிக்கும். ‘மெருகேற்றியது’ என்பது விளம்பரம். பழைய கலவையிலிருந்து புதிதாக ஒரு மூலப்படி ஆக்கினார்கள் என்பதே நடந்த வேலை. ஆகவே ‘புதிய மூலப்படி’ என்பதே போதும்.

வேலையின் வரிசை இது. கருவிகளும் குரல்களும் தனித்தனித் தடங்களாகப் பல்தட நாடாவில் பதிகின்றன. அவற்றைக் கலந்து கால் அங்குல அகல ஒலிநாடாவில் இடம்-வலம் என இரண்டு தடமாக இறக்குகிறார்கள். இதுதான் கலவை, இந்த நாடாதான் முதல் மூலம். அதிலிருந்து கடைசல் இயந்திரத்தில் லாக்கர் பூசிய அலுமினியத் தட்டில் வரி, அதாவது முள் ஓடும் சுருள் பள்ளம், கடைகிறார்கள். லாக்கருக்கு வெள்ளி பூசி, நிக்கல் படியவைத்து உரித்தால் உலோக அச்சு கிடைக்கும். அந்த அச்சை வைத்து வினைல் என்ற பிளாஸ்டிக்கை அழுத்தினால் தட்டு. பழைய அச்சையே மறுபடி அழுத்தியிருந்தால் அது மறு அச்சு. நாடாவிலிருந்து மீண்டும் கடைந்திருந்தால் புதிய மூலப்படி. பல்தட நாடாவுக்கே போய்க் குரலை ஏற்றி டிரம்ஸை இறக்கியிருந்தால் அது மறுகலவை, அதாவது ரீமிக்ஸ். பழைய பாட்டுக்குப் புதுத் தாளம் சேர்ப்பதை நாம் ரீமிக்ஸ் என்கிறோமே, அது வேறு. குழுவே மீண்டும் பாடி வாசித்திருந்தால் மட்டுமே மறுபதிவு. மறுவெளியீட்டுக்கு மறுபதிவு என்று எழுதுவது இவற்றிலேயே பெரிய பிழை. இறந்துபோன பாடகர் மறுபடி பாடினார் என்று அர்த்தமாகிவிடும்.

எங்கே கெடுகிறது? முதலில் நாடாவிலேயே. நாடாவைப் படியெடுக்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் ஏறும். மூலத்திலிருந்து எடுத்த முதல் படியிலேயே ஏறத்தாழ 3 டெசிபல் கூடிவிடும். அயல்நாட்டு நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டவை பெரும்பாலும் படியின் படி. அதிலிருந்து செய்த மறுவெளியீட்டில் டிரம்ஸோடு வரும் உலோகத் தாளமான சிம்பலின் மினுக்கம் மங்கியிருக்கும். டால்பி என்ற இரைச்சல்குறைப்பு முறையைப் போட்டுப் பதிந்த நாடாவை டால்பி அவிழ்க்காமல் ஓட்டினால் ஒலி கூசும். வாசிப்புத் தலையின் சாய்வு நாடாவோடு ஒத்துப்போகாவிட்டால் உயர் ஒலிகள் கரையும். அதற்காகத்தான் நாடாவின் தலைப்பில் சோதனைத் தொனிகளைப் பதிந்துவைப்பார்கள். அவற்றைக் கேட்டுச் சரிசெய்த பிறகே பாட்டுக்குப் போக வேண்டும்.

1970-களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 456 போன்ற நாடாக்களில் இன்னொரு கேடு உண்டு. காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து தலையில் ஒட்டும், பாட்டு போயேபோகும். சுமார் 54 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் போல, சீரான சூட்டில் உலர்த்தினால் சில வாரங்களுக்கு நாடா ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். பழைய அசிடேட் நாடாவை இப்படிச் சூடாக்கக் கூடாது. அது சுருண்டு பாழாகும்.

அடுத்தது கடைசல். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், தட்டின் வெளி ஓரத்தில் முள்ளுக்கடியில் வரி நொடிக்கு ஏறத்தாழ 51 செ.மீ. ஓடுகிறது, உள் ஓரத்தில் 21 செ.மீ.தான். அதே ஒலியைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கரகரக்கும். ‘நம்பர் 1 ரெக்கார்ட்’ பாடல் வரிசை இந்த விதத்தில் வினைலுக்கு இணக்கமானது. மொத்தம் 37 நிமிடம், பக்கத்துக்கு ஆறு பாட்டு. முதல் பக்கம் உரத்த கிட்டாரோடு ‘ஃபீல்’ பாட்டில் தொடங்கி, ஹம்மல் எழுதிய மென்மையான ‘தி இந்தியா சாங்’கில் உள் ஓரத்தை அடைகிறது. இரண்டாம் பக்கமும் அமைதியாகவே முடிகிறது. 1992 சி.டி.யில் இரண்டு தட்டும் சேர்ந்து 24 பாட்டும் ஒரே ஓட்டமாகிவிட்டதால், தட்டைத் திருப்பும் இடைவெளி போய்விட்டது. கேட்பதற்கு வசதிதான். ஆனாலும் ‘தி இந்தியா சாங்’ ஒரு பக்கத்தின் முடிவு என்பது அந்த சி.டி.யை மட்டும் கேட்டவருக்குத் தெரியாது.

‘முழுக்க அனலாக்’, அதாவது எந்தக் கட்டத்திலும் டிஜிட்டலாக மாற்றாதது, என்று போட்டிருந்தாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வரிகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்று கடைசல் இயந்திரம் முன்கூட்டியே அறிய, தட்டின் ஒரு சுற்றுக்கான நேரம், அதாவது 1.8 நொடி முன்னதாக, ஒலி அதற்குக் கிடைக்க வேண்டும். அதற்கென முன்வாசிப்புத் தலை உள்ள நாடா இயந்திரம் தேவை. அது இல்லாத கூடங்களில் டிஜிட்டல் தாமதக் கருவி வைத்து ஒலியைப் பிந்தவைத்துக் கடைவார்கள். மூலம் நாடாதான், ஆனால் வரியில் இறங்குவது டிஜிட்டல் ஒலி. டிஜிட்டல் என்பதால் மட்டும் அது கெட்டது ஆகாது. சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. 2022-இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் தட்டுகளில் டிஜிட்டல் படி இருந்தது தெரியவந்தபோது ரசிகர்கள் கொதித்ததும், வழக்கு வரை போனதும் அதனால்தான். அட்டையில் ‘180 கிராம்’ என்பது தட்டின் எடை மட்டுமே. நடுத்துளை விலகியிருந்தால் எந்த எடையிலும் சுருதி அலையும்.

அட்டையும் தப்புவதில்லை. ‘ரேடியோ சிட்டி’ அட்டையில் இருப்பது வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த சிவப்பு உட்கூரைப் படம். மூலப் புகைப்படத்திலிருந்து அச்சிடாமல் பழைய அட்டையையே ஸ்கேன் செய்து அச்சிட்டால், முந்தைய அச்சின் புள்ளிகளோடு புதிய புள்ளிகள் மோதிக் கோலம்போல் தெரியும். அந்தச் சிவப்பும் செத்துவிடும். கடையில் தட்டைக் கேட்டுப்பார்க்க முடியாதபோது இதைப் பார்க்கலாம். அட்டைக்கு மூலத்தைத் தேடாதவர்கள் ஒலிக்கும் தேடியிருக்க மாட்டார்கள் என்று சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது தட்டுக்கு மட்டும் மறுவெளியீடு என்ற சொல் போதாது. அதற்குப் பாடல் வரிசையே இறுதியாகவில்லை, குழுவும் சிதறிவிட்டது. 1978-இல் ஒரு வரிசை, 1992-இல் வேறு வரிசையும் கூடுதல் பாட்டும், 2016-இல் ஆம்னிவோர் நிறுவனம் டெமோ எனும் மாதிரிப் பதிவுகளோடு மூன்று சி.டி. இங்கே ஒருவர் பாட்டைத் தேர்ந்து, வரிசைப்படுத்தி, முடிவெடுக்கிறார். நூலுக்குச் செய்வது போன்ற வேலைதான் இது. இதைப் பதிப்பு என்று சொல்லலாம். மற்ற இரண்டையும் மறுபதிப்பு என்று எழுதுவது நூலையும் தட்டையும் குழப்பும்.

மறு, மீள் இரண்டில் எது? மறுநாள், மறுகரை என்பதில் மறு அடுத்ததையும் மற்றதையும் குறிக்கும். மீள் திரும்பி வருதலைக் குறிக்கும். தமிழ்நாட்டில் மறு வழக்கம்; இலங்கையில் மீள்பதிப்பு, மீள்பார்வை என மீள் இயல்பாக வரும். அவரவர் வழக்கில் எழுதலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

விமர்சனத்திலோ விற்பனைக் குறிப்பிலோ எழுதும்போது முதல் வெளியீட்டின் ஆண்டு, இப்போது வெளியிட்டவர், மூலப்படி எது, கடைந்தவர் யார் என்ற நான்கும் வர வேண்டும். மாதிரிக்கு:

பிக் ஸ்டார், ‘நம்பர் 1 ரெக்கார்ட்’. முதல் வெளியீடு: ஆர்டென்ட், 1972. மறுவெளியீடு: கிராஃப்ட் ரெக்கார்டிங்ஸ், 2020, வினைல், 180 கிராம். புதிய மூலப்படி, முழுக்க அனலாக். கடைந்தவர்: ஜெஃப் பவல், டேக் அவுட் வினைல், மெம்பிஸ்.