வரைபடம் முடிந்தபிறகு எதற்குக் கருத்துக் கேட்பு?

சென்ற மாதம் சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருந்தேன். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் மின்சேமிப்புக் கலன்கள், அதாவது மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெரிய லித்தியம் பேட்டரிகள், வரப்போகின்றன. வயதான ஓர் அம்மா எழுந்தார். "தம்பி, அந்த ஃபேன் ராத்திரி முழுக்க ஓடுமா? என் படுக்கையறை ஜன்னல் அதுக்கு நேரா இருக்கே." இளம் பொறியாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டிராயிங் எல்லாம் முடிஞ்சிடுச்சு, ஆன்ட்டி."

தொடக்கத்திலேயே குடியிருப்பாளர்களிடம் கேட்டிருந்தால் கலன் பெட்டியைத் திருப்பி வரைந்திருப்பார்கள். இப்போது அஸ்திவாரமே போட்டாகிவிட்டது. இந்த ஆண்டு இப்படி நான் பார்க்கும் மூன்றாவது கூட்டம் இது.

"முன்கூட்டியே சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள்." என் துறையில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. எத்தனையோ கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். மின்சாரமே வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. சத்தம் எவ்வளவு, லாரி எத்தனை மணிக்கு வரும், பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி மறிக்கப்படுமா, புகை வந்தால் யாரைக் கூப்பிடுவது என்றுதான் கேட்கிறார்கள். அத்தனையும் வடிவமைப்பாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். எல்லாம் முடிந்தபின் வந்து சொன்னால்தான், எதையோ மறைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வருகிறது. அதன்பிறகு எந்த அளவீட்டைக் காட்டினாலும் நம்ப மாட்டார்கள்.

ஒழுங்குமுறை அமைப்புகளிடமும் இதே பழக்கம். தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையிடம் கடைசி வாரத்தில் கோப்பை நீட்டுகிறார்கள். லித்தியம் கலன் சூடேறினால் என்ன ஆகும் என்பதை இங்கே விளக்கப் போவதில்லை. 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சேமிப்பு நிலையத்தின் கதவைத் தீயணைப்பாளர்கள் திறந்த சில நிமிடங்களில் உள்ளே தேங்கியிருந்த வாயு வெடித்தது, பலர் படுகாயமடைந்தார்கள். உள்ளே எப்படி நுழைவது, வாயுவை எப்படி வெளியேற்றுவது என்ற வழிமுறை அந்நிலையத்தின் அவசரகாலத் திட்டத்தில் இல்லை. தீயை அணைக்க வருபவரோடு முதலிலேயே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டிய பக்கம் அது. தொழிற்சாலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் 285 மெகாவாட்-மணி மின்சேமிப்பு நிலையம் 2023-இல் திறக்கப்பட்டுவிட்டதே என்பார்கள். ஐயா, அங்கே யார் வீட்டு ஜன்னலும் கிடையாது!

தெங்கே நீர்த்தேக்கத்தைப் பாருங்கள். 2016-லேயே சூரிய மின்தகடுகளைச் சிறிய அளவில் மிதக்கவிட்டுச் சோதித்தார்கள். நீரின் தரம், பறவைகள், பிற உயிரினங்கள் என்று ஆய்வு நடந்தது. அதற்குப் பிறகுதான் 122,000 தகடுகள், 45 ஹெக்டர், 2021-இல் திறப்பு.

பொறியாளர்களே, எந்த இடம் என்று முடிவாகாமல் இரண்டு மூன்று இடங்கள் பரிசீலனையில் இருக்கும்போதே மக்களிடம் போங்கள். எரிசக்திச் சந்தை ஆணையம், நகர மறுசீரமைப்பு ஆணையம், குடிமைத் தற்காப்புப் படை மூன்றையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் ஒட்டாதீர்கள். அந்த அம்மாவுக்குத் தமிழில்தான் படிக்கத் தெரியும். கூட்டத்தை வேலை நாள் பிற்பகலில் வைக்காதீர்கள்.

குடியிருப்பாளர்களே, மின்தூக்கி அருகே ஒட்டிய தாளைத் தயவுசெய்து நின்று படியுங்கள். புரியாவிட்டால் வசிப்போர் குழுவிடம் கேளுங்கள். முதல் கூட்டத்துக்கே வாருங்கள்.