61ஆவது அலகின் விலை

இலங்கையில் வீட்டு மின்கட்டணம் மாதத்துக்கு 60 அலகு என்ற கோட்டில் இரண்டாகப் பிரிகிறது. கோட்டைத் தாண்டினால் கூடுதலாகப் பாவித்த அலகுக்கு மட்டும் விலை ஏறும் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. முதல் அலகிலிருந்தே விலை மாறிவிடும்.

2025 ஜூன் திருத்தத்தின்படி கணக்குப் போடுவோம். சரியாக 60 அலகில் நின்ற வீட்டுக்கு முதல் 30 அலகு தலா 4 ரூபா 50 சதம், அடுத்த 30 தலா 8 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா. ஆக 585 ரூபா. 61 அலகு பாவித்த வீட்டுக்கு முதல் 60 அலகும் தலா 12 ரூபா 75 சதம், 61ஆவது 18 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 400 ரூபா. ஆக 1,183 ரூபா 50 சதம். வரி தனி. ஓர் அலகுக்காக ஏறத்தாழ 600 ரூபா! பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு விலைகளைத் திருத்தும்போது தொகை மாறும்.

மீட்டர் பார்ப்பவர் பிந்தி வந்ததால்தான் கோட்டைத் தாண்டினோம் என்ற குறை தேயிலைத் தோட்டங்களில் அடிக்கடி கேட்கிறது. அதில் நியாயம் குறைவு. எல்லை 30 நாளுக்கானது. 33 நாள் கழித்து வந்தால் அதுவும் 66 அலகாக உயரும். ஆகவே நாளுக்கு 2 அலகு என்று நினைவில் வைத்தால் போதும். மின்பட்டியலில் உள்ள கடைசி மீட்டர் வாசிப்பை இன்றைய வாசிப்பிலிருந்து கழித்து, நாட்களால் வகுத்துப் பாருங்கள்.

நுவரெலியாப் பக்கம் மின்விசிறிக்கு வேலையில்லை. இங்கே அலகைத் தின்பது சுடுதண்ணீர். 3,500 வாட் ஷவர் ஹீட்டர் தினமும் 20 நிமிடம் ஓடினால் மாதத்துக்கு 35 அலகு. மிச்சமிருப்பது 25 தான். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை 9 வாட் எல்ஈடியாக மாற்றினால், நாளுக்கு ஐந்து மணி நேரக் கணக்கில், ஏழரை அலகு மிஞ்சும். நல்லதுதான், ஆனால் பல்பை மாற்றிவிட்டு ஹீட்டரை விட்டுவைப்பதில் பெரிய பயனில்லை. வாளித் தண்ணீரைச் சூடாக்க அதில் மின்கொயில் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: 1,000 வாட் கொயில் ஒரு மணி நேரத்தில் ஓர் அலகை முடித்துவிடும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் மகன் கல்யாணம் முடித்து அடுத்த அறையில் அடுப்பு வைத்திருப்பான். மீட்டர் மட்டும் அப்பாவின் பெயரில் ஒன்றே. இரண்டு குடும்பமும் தலா 40 அலகோடு சிக்கனமாக இருந்தாலும், பட்டியல் 80 அலகுக்கு வரும். கோடு மீட்டருக்கே தவிர குடும்பத்துக்கு அல்ல. இது சிக்கனத்தால் தீராது. தனி இணைப்புக்கு என்னென்ன பத்திரங்கள் தேவை என்று பிரதேச மின் அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பிப்பதே வழி.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், அப்போது ஸ்திரிக்கை போடாதீர்கள் என்கிறார்கள். சாதாரண வீட்டுக் கட்டண முறையில் எந்த மணிக்குப் பாவித்தாலும் அலகின் விலை ஒன்றே; நேரத்துக்கேற்ற கட்டணம் தனித் திட்டம். எனவே வேலையைப் பின்னிரவுக்குத் தள்ளுவதால் உங்கள் பட்டியல் குறையாது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் மட்டும் அந்த நேரத் தேவைக்குப் போதாமல் எண்ணெயில் ஓடும் நிலையங்களை இயக்க வேண்டியிருப்பதால்தான் அந்த வேண்டுகோள்.