அடையாளச் சில்லு

தீபாவளி கழிந்த வாரம் மதுரை அண்ணாநகர் மின்கம்பங்களில் இரண்டு மூன்றிலாவது 'காணவில்லை' ஒட்டியிருக்கும். வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடிய நாய்கள். அப்படி ஒரு தாளில், "பெயர் மணி, முதுகில் சிம் வைத்துள்ளது" என்று அச்சிட்டிருந்தார்கள். சொல்ல வந்தது சிப். அச்சகத்தில் மாறியதா, வீட்டிலேயே அப்படித்தான் வழங்குகிறார்களா என்று தெரியவில்லை. சிம் என்றால் செல்போனைப் போல இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றும். நாய்க்கும் பூனைக்கும் போடுகிற மைக்ரோசிப் அதைச் செய்யாது.

அது ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு சில்லும் மெல்லிய கம்பிச் சுருளும் மட்டும், பேட்டரி கிடையாது. வழக்கமான அளவு 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் குறுக்களவு. அரிசி அளவு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம் பொன்னி அரிசியை வைத்துப் பார்த்தால் இரண்டு அரிசி நீளம். வெந்த பாஸ்மதிப் பருக்கை என்றால் பொருந்தும். தடுப்பூசி ஊசியைவிடத் தடித்த ஊசியால், இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். ஒரு கருவியை அருகில் கொண்டுபோனால், அது அனுப்பும் அலையிலிருந்தே சுருள் மின்சாரம் பெறும்; சில்லு தன்னிடமுள்ள 15 இலக்க எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி அடங்கிவிடும். ஐ.எஸ்.ஓ. 11784, 11785 என்ற உலகத் தரங்கள் 1996இல் இதற்கென்றே வந்தன. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ தயாரித்த நிறுவனத்தையோ குறிக்கும். இந்தியாவின் குறியீடு 356. உரியவரின் பெயரோ தொலைபேசி எண்ணோ அதற்குள் இல்லை.

இனி சொல்லுக்கு வருவோம். 'மிக்ரோஸ்' என்றால் கிரேக்கத்தில் சிறியது. 'சிப்' ஆங்கிலத்தின் பழைய நாட்டுச்சொல். கோடரி பட்டுத் தெறிக்கும் மரத்துண்டுக்குப் பெயர். விறகுக் கொட்டிலிலிருந்து அது அடுப்பங்கரைக்குப் போய்க் கிழங்குச் சீவலாயிற்று. சிலிக்கான் வட்டத்தகட்டில் வரிசையாக மின்சுற்றுகளை உருவாக்கி, அறுத்துத் துண்டாக்கும் தொழில் 1960களில் வளர்ந்தபோது அந்தத் துண்டுக்கும் அதே பெயர் வந்தது. வேரைப் பார்த்து மொழிபெயர்த்திருந்தால் தமிழில் 'சிராய்' என்று வைத்திருக்க வேண்டும். நல்லவேளை, யாரும் வைக்கவில்லை. நாயின் முதுகில் சிராய் ஏற்றுவதாகச் சொன்னால் யார் கூட்டிக்கொண்டு வருவார்கள்? (சிப்பிப்பாறை நாய்க்கும் சிப்புக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். இல்லை, அது ஊர்ப்பெயர்.)

தமிழில் நிலைத்துவிட்ட சொல் சில்லு. மைக்ரோசிப்பை நுண்சில்லு என்று எழுதுகிறோம். 'சில்' என்பது சிறுமையும் சொற்பமும் காட்டும் பழஞ்சொல். 'சில்வளை' என்று சங்கப் பாட்டில் வரும். தேங்காய்ச் சில்லு, சில்லுக் கருப்பட்டி, அடிபட்டால் உடைகிற சில்லுமூக்கு எல்லாம் நமக்குப் பழக்கம். பாண்டி ஆடும் பிள்ளைகள் கட்டத்துக்குள் எறிவதும் ஓட்டாஞ்சில்லுதான். சிப், சில்லு இரண்டும் 'சி'யில் தொடங்குவதை வைத்து உறவு கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வெறும் ஒலிப் பொருத்தம். ஈழத்தில் சில்லு என்றால் சக்கரம். அங்கே உள்ளவரிடம் பூனைக்குச் சில்லு வைத்தேன் என்று சொன்னால் என்ன நினைப்பாரோ.

இந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருத்தம் இருக்கிறது. அதைப் பார்க்க மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் போனால் போதும். கீழடியில் சுடுமண் வட்டச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றோடு தமிழி என்ற பழைய தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடுகளும் வந்தன. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கையில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் இருக்கின்றன. பெயர்கள் கீறப்பட்டிருப்பது பெரும்பாலும் பானையின் தோள் பகுதியில். எதற்காகக் கீறினார்கள்? இந்தப் பானை இன்னாருடையது என்று சொல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. பானை உடைந்தும் பெயர் சில்லில் தங்கிவிட்டது. ஆக, உரியவர் யார் என்று சொல்லும் சில்லைத் தோளில் வைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிது அன்று. ஒரே வேறுபாடு, ஆதன் தன் பெயரையே எழுதினான். நாம் எண் எழுதுகிறோம். மணி என்ற பெயரில் தெருவுக்கு நாலு நாய் இருக்கிற ஊரில் எண்தான் சரி.

ஆகையால் நான் பரிந்துரைப்பது 'அடையாளச் சில்லு'. நுண்சில்லு தப்பில்லை, ஆனால் அது கைப்பேசியிலும் உண்டு, வங்கி அட்டையிலும் உண்டு. இங்கே நமக்கு வேண்டியது அதன் வேலையைச் சொல்லும் பெயர். மாட்டுக்குப் போடும் மஞ்சள் நிறக் காதுவில்லையில் 12 இலக்க எண் வெளியே தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். அதை வில்லை என்பது சரி. உள்ளே மறைந்திருப்பதை வில்லை என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கருத்தடை செய்த தெருநாயின் காது நுனியை வெட்டி விடுவது வேறு; அந்தக் குறி எந்த வீட்டையும் காட்டாது.

பெயரைவிட வினைச்சொல்லில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். பலகைகளில் 'மைக்ரோசிப் பொருத்தப்படும்' என்று எழுதுகிறார்கள். பொருத்துவது மின்விசிறியை. இதற்குப் பதித்தல் என்ற சொல் கையருகே இருக்கிறது. தோட்டில் கல் பதிக்கிறோம்; பத்திரத்தைப் பதிவு செய்கிறோம். உள்ளே ஊன்றுவதும் ஏட்டில் ஏற்றுவதும் 'பதி' என்ற ஒரே வேர். சில்லு வேலை செய்ய இரண்டும் வேண்டும். தோலுக்கடியில் பதித்துவிட்டு, உரியவரின் தொலைபேசி எண்ணைப் பதிவேட்டில் பதியாமல் விட்டால், கருவி 15 இலக்கங்களைக் காட்டும்; அதற்குமேல் யாரை அழைப்பது? எல்லீஸ் நகரிலிருந்து திருநகருக்கு வீடு மாறியவர், எண்ணை மாற்றியவர், நாய்க்குட்டியை உறவினருக்குக் கொடுத்தவர் எல்லோரும் பதிவைத் திருத்த வேண்டும். எந்த நிறுவனத்தின் பதிவேடு என்பதைப் பதிக்கும் அன்றே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கருவிக்கும் நல்ல தமிழ் உண்டு. ஸ்கேனர் என்பதற்கு 'வருடி' என்று கணினித் தமிழில் முன்பே வைத்துவிட்டார்கள். காகிதத்தை நகலெடுக்கும் பெட்டியை வருடி என்று சொல்லும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். இங்கே அது அப்படியே பொருந்துகிறது. சில்லு சில நேரம் தோளிலிருந்து முன்னங்கால் பக்கம் நகர்ந்திருக்கும். அதனால் கழுத்து, முதுகு, விலா, கால் என்று உடம்பு முழுக்கக் கருவியை மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். பழக்கமில்லாத நாய் என்றால் முதலில் கையால் வருடிவிட்டுத்தான் கருவியையே எடுக்க முடியும்.