பெட்டி கட்டுவதற்கு முன் கிளினிக் கொப்பியை எடுங்கள்

மகளின் பிள்ளைப்பேற்றுக்கு, பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கு, அல்லது கண்ணை மூடுவதற்கு முன் மகன் வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு வருவோம் என்று, யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போகும் பெற்றோர் ஆண்டு முழுவதும் வைத்தியரான என்னிடம் வருகிறார்கள். பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். சலரோகம், பிறசர், கொழுப்பு என்று ஏதோ ஒன்றுக்கு நாள்தோறும் குளிசை எடுப்பவர்கள். மிளகாய்த்தூள் இடிக்கவும் பருத்தித்துறை வடை சுடவும் இரண்டு கிழமை ஒதுக்கும் இவர்கள், வைத்தியரிடம் வருவது பயணத்துக்கு முதல் நாள் மாலையில். அந்த நேரத்தில் என்னால் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். ஒரு மாதம் முன்னதாக வாருங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள்.

அரச கிளினிக்கில் குளிசைகளைச் சிறிய கடதாசி உறையில் போட்டுத் தருவார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று அதன்மேல் கையால் எழுதியிருக்கும். வீட்டுக்குப் போனதும் உறை கிழியும், குளிசைகள் ஏதாவதொரு போத்தலுக்குள் போகும். ஓர் ஐயா என் மேசையில் கொட்டிக் காட்டிய போத்தலில் வெள்ளை நிற வட்டக் குளிசைகள் மூன்று வகை இருந்தன. ஒன்று சீனிக்கு, ஒன்று பிறசருக்கு என்றார். மூன்றாவது எதற்கென்று அவருக்கும் தெரியவில்லை, பார்வையால் எனக்கும் சொல்ல முடியவில்லை. ஊரில் இதைச் சமாளிக்கலாம்; கிளினிக் கொப்பியைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். ரொறன்ரோவில் ஒரு வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில், நடு இரவில், மயக்கத்தில் கிடப்பவரின் பையிலிருந்து அந்தப் போத்தலை எடுக்கும் வைத்தியர் என்ன செய்வார்?

ஆகவே ஒரே ஒரு தாள் எழுதி வாங்குங்கள், ஆங்கிலத்தில். உங்களுக்கு இருக்கும் நோய்கள், செய்த சத்திரசிகிச்சைகள், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர் (கம்பனி வைத்த பெயர் அல்ல, மருந்தின் சொந்தப் பெயர்), எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பவை அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் செய்த சீனி, சிறுநீரகப் பரிசோதனை முடிவுகளும், இருதய நோயாளி என்றால் ஈ.சி.ஜி. பிரதியும் கூடவே இருக்கட்டும். அந்தத் தாளைப் படம் பிடித்து, உங்கள் தொலைபேசியிலும் அங்கே இருக்கும் பிள்ளையின் தொலைபேசியிலும் வைத்துவிடுங்கள். மருந்தைப் பெயரும் காலாவதித் திகதியும் அச்சிட்ட அட்டைகளோடு கொண்டுபோங்கள். கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தருவதை வைத்துக்கொண்டு ஆறு மாதம் தங்க முடியாது. மிகுதிக்கு முன்கூட்டியே மருந்துச் சீட்டு கேளுங்கள்.

முதுகு நோவுக்குத் தரும் டிராமடோல், கோடீன் கலந்த மருந்துகள், கால் எரிவுக்குத் தரும் பிரிகபாலின் ஆகியவை ஐக்கிய அரபு அமீரகத்தில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. டுபாய் வழியாகப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்லுங்கள். அயலவர் தன் மகனிடம் கொடுக்கச் சொல்லித் தரும் மருந்துப் பொதியை, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், வாங்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்களிடம் நான் கூடுதல் நேரம் கதைக்கிறேன். இன்சுலினைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது. விமானத்தின் சரக்கறைக் குளிரில் அது உறையக்கூடும். ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது, பெட்டி தொலைந்தால் அதுவும் இல்லை. கைப்பையில், வைத்தியரின் கடிதத்தோடு, ஊசிகளோடு சேர்த்து வையுங்கள். ரொறன்ரோ நேரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்தங்கியது. மேற்கே போகும்போது அந்த நாள் நீண்டுவிடும். எந்த வேளை ஊசியை எவ்வளவு போடுவது என்பதை உங்கள் வைத்தியர் எழுதித் தரவேண்டும். நீங்களே கணக்குப் போட்டுக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

வலிகாமத்து அம்மா ஒருவர் விமானத்தில் சாப்பாட்டு வண்டி வருவதைக் கண்டதும் வழக்கம்போல் இன்சுலினைப் போட்டுக்கொண்டார். தட்டைத் திறந்தால் கோழி இறைச்சி. வாழ்நாளில் மச்சம் தொடாதவர், மூடித் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அரை மணி நேரத்துக்குப் பின் இரத்தத்தில் சீனி இறங்கி, சேலை நனைய வியர்த்து, கை நடுங்கி, கேட்டதற்கு மறுமொழி சொல்ல முடியாமல் இருந்தவரைப் பக்கத்து இருக்கைப் பெண் கவனித்து இனிப்புப் பானம் கொடுத்ததால் பெரிய ஆபத்து நடக்கவில்லை. சைவச் சாப்பாட்டை டிக்கெட் எடுக்கும்போதே பதிவு செய்யவேண்டும். விமானத்தில் ஏறிய பின் கேட்டால் கிடைக்கும் என்று நம்ப முடியாது. தட்டு முன்னால் வந்து, உண்ணக்கூடியதுதான் என்று பார்த்த பிறகே ஊசியை எடுங்கள். சீனியைக் குறைக்கும் கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கைப்பையில் பிஸ்கட்டும் இனிப்பும் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை விரதகாரர் பயண நாளில் விரதத்தை விட்டுவிடலாம். முருகன் கோபிக்க மாட்டார்.

கால்களைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ, விமான நிலையத்தில் காத்திருப்பு, வளைகுடா வரை ஒரு விமானம், டுபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு மேலும் ஏறத்தாழ 14 மணி நேரம். நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலின் ஆழ்நாளங்களில் இரத்தம் உறையலாம். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. அந்த இருப்பு விமானத்தில் அல்ல, பஸ்ஸிலேயே தொடங்கிவிடுகிறது. பஸ் நிறுத்தும் இடத்திலெல்லாம் இறங்கி நடவுங்கள். இருக்கையில் இருந்தபடி குதிகாலையும் முன்பாதத்தையும் மாறி மாறி உயர்த்துங்கள். கழிப்பறைக்குப் போகவேண்டி வரும் என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், தூக்கக் குளிசை எடுக்காதீர்கள். அண்மையில் முழங்கால், இடுப்பு சத்திரசிகிச்சை செய்தவர்களும் முன்பு இரத்தக்கட்டி வந்தவர்களும் வைத்தியரிடம் கேட்காமல் புறப்பட வேண்டாம். போய்ச் சேர்ந்த சில கிழமைகளுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். விழித்திரைக்குச் சத்திரசிகிச்சை செய்து கண்ணுக்குள் வாயு ஏற்றியவர்கள் அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது, பார்வை போய்விடும்.

சக்கர நாற்காலி உதவிக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட்டோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

காப்புறுதிப் படிவத்தில் பொய் எழுதுவதுதான் என்னை மிகவும் வருத்துவது. கட்டணம் கூடும் என்று சலரோகத்தையும் பிறசரையும் மறைக்கிறார்கள், சில வேளைகளில் பிள்ளைகளே மறைக்கிறார்கள். மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் கிடக்கும்போது பழைய பதிவுகளைப் பார்க்கும் நிறுவனம் பணம் தர மறுத்தால், அந்தப் பிள்ளை வீட்டை விற்கவேண்டி வரலாம். பெற்றோர் நீண்ட காலம் தங்குவதற்கான கனடாவின் சுப்பர் விசாவுக்குக் குறைந்தது 100,000 கனடிய டொலருக்கும், பிரான்ஸ் போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்கும் காப்புறுதி கட்டாயம். பிரித்தானிய விருந்தினர் விசாவுக்குக் கட்டாயம் இல்லை என்பதால் பலர் எடுப்பதே இல்லை. ஆனால் இங்கிலாந்தில் விருந்தினராகப் போனவர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் வழமையான கட்டணத்தின் 150 சதவீதம் வரை அறவிடலாம். 500 பவுணுக்கு மேல் கட்டாமல் விட்டால் அடுத்த விசாவுக்கே தடையாகக்கூடும்.

போய்ச் சேர்ந்த பின், வீட்டுக்குள் நடக்கும் விபத்துகளே அதிகம். கிணற்றடியில் குளித்துப் பழகியவருக்குக் குளியல் தொட்டியின் விளிம்பு உயரம்; சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு என்று அதற்குள் இறங்கினால் வழுக்கி விழுவது நிச்சயம். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வழுக்காத விரிப்பும் போடச் சொல்லிப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே கேளுங்கள். பிள்ளைகள் வேலைக்குப் போனபின் தனியாக இருப்பீர்கள்: அவசர இலக்கம் கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, பிரான்சில் 112. அதையும் வீட்டு முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள். ரொறன்ரோவின் 911 சேவையில் மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு; 'தமிழ்' என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாலே போதும்.

திரும்பி வரும்போது அங்கே தந்த வைத்தியசாலைத் தாள்கள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். புதிதாக எழுதிய பிறசர் குளிசை, வேறு பெயரில் வந்த உங்கள் பழைய லொசார்ட்டனாகவே இருக்கலாம். வீட்டில் மிஞ்சியிருக்கும் பழையதைத் தொடங்குவதற்கு முன் இரண்டையும் கிளினிக்கில் காட்டுங்கள்.