ஐந்தாண்டுத் திட்டத்தை 45 நாள் வேலையாக்குவது

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை கரையோர ஊர்களில், மீனவர்களே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனங்களும் கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுக்களும் இருக்கின்றன. பலரிடம் ஐந்தாண்டு வியூகத் திட்டம் ஒன்று உண்டு. பெரும்பாலும் வங்கியோ நிதி கொடுப்பவரோ கேட்டு எழுதியது. "உற்பத்தியைப் பெருக்குதல்", "இடைத்தரகர் இல்லாத நேரடி விற்பனை", "உறுப்பினர் வருமானத்தை உயர்த்துதல்" என்று அதில் இருக்கும். ஒன்றும் தப்பான ஆசை இல்லை. ஆனால் நாளைக் காலையில் கரைக்குப் போகிறவர் எதைத் தொட வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. திட்டம் நடைமுறைக்கு வராமல் போவதற்கு உறுப்பினர்களின் அக்கறையின்மையைக் காரணம் சொல்கிறார்கள். அது நியாயமில்லை. கணக்குப் போடாமல் விட்டதுதான் காரணம்.

ஒரு குறிக்கோளைப் பிரித்துப் பார்க்கலாம். ஆண்டுக்கு 20 டன் காய்ந்த கப்பாபைகஸ் (விற்பனைக்காக வளர்க்கும் ஒரு வகைக் கடற்பாசி) என்று 300 பேர் உள்ள ஒரு நிறுவனம் எழுதி வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 முடிச்சு, முடிச்சுக்கு 150 கிராம் என்று கட்டினால் விதைப்பாசி 60 கிலோ பிடிக்கும். 45 நாளில் நன்றாக வளர்ந்தால் 240 கிலோ வரை கிடைக்கும். திட்டம் போடும்போது 200 என்று வைப்பதே நல்லது. அதில் 60 கிலோ மறு நடவுக்குப் போய்விடும். மீதி 140 கிலோ, பத்துக்கு ஒன்று என்று காய்ந்து 14 கிலோவாகும். காலண்டரைப் பார்த்தால் ஆண்டுக்கு எட்டுச் சுற்று வரும். வாடைக்காலத்தையும், கோடையில் தண்டு வெளுத்து ஒடிகிற நோயையும் கழித்தால் ஐந்தை நம்பலாம். ஆக மிதவைக்கு ஆண்டுக்கு 70 கிலோ. 20 டன்னுக்கு 286 மிதவை வேண்டும்.

இந்த 286-க்குள் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. ஒருவருக்கு 45 மிதவை என்பது வழக்கமான அளவு. நாளுக்கு ஒன்றை அறுத்து, அன்றே மறுபடி கட்டினால் 45 நாளில் ஒரு சுற்று முடியும். அப்படியானால் 20 டன் பாசி முழு வேலை கொடுப்பது ஏழு பேருக்கு மட்டும். "300 பேரின் வருமானம் உயரும்" என்ற வரியும் "20 டன்" என்ற வரியும் ஒரே பக்கத்தில் இருந்தும் ஒன்றுக்கொன்று பேசவே இல்லை. இதைப் பொதுக்குழுவில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டில் அதுவே சண்டையாகும்.

அடுத்தது விதை. 286 மிதவைக்கு 17 டன் விதைப்பாசி வேண்டும். அவ்வளவையும் ஒரே தடவையில் விலைக்கு வாங்குவது எளிதல்ல. 30 மிதவையில் தொடங்கி, அறுத்த பாசியில் ஒரு கிலோகூட விற்காமல் எல்லாவற்றையும் விதையாகவே கட்டினால் 45-ஆம் நாள் 100 மிதவை, 90-ஆம் நாள் 300-க்கு மேல் மிதவை ஆகும். அந்த மூன்று மாதமும் வருமானம் கிடையாது. மூங்கில், கயிறு, நங்கூரம், அடியில் கட்டும் வலை (இது இல்லாவிட்டால் ஓரா மீன் பாசியைத் தின்றுவிடும்) எல்லாவற்றுக்கும் செலவு மட்டும் இருக்கும். வேலை செய்கிறவர்களுக்கு அந்த 90 நாள் கூலி எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை எழுதாத திட்டத்தில் முதல் அறுவடையே விற்பனைக்குப் போய்விடும். விதை பெருகாது. முதல் ஆண்டில் 20 டன் வராது என்பதையும் இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

பிறகு நாட்காட்டி. அலுவலக ஆண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகடலில் (பாக் விரிகுடாவில்) வாடை, புயல். ஆண்டு இலக்கை நான்காகப் பிரித்துக் காலாண்டுக்கு ஒரு பங்கு என்று போடுவது இந்தக் கரைக்குப் பொருந்தாது. பாசியைத் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடாவுக்கு) மாற்றிவிடலாம் என்று எழுதவும் முடியாது. 2005-ஆம் ஆண்டு அரசாணைப்படி இந்தக் கரையில் கப்பாபைகஸ் வளர்ப்புக்கு பாக் விரிகுடாப் பக்கத்தில்தான் இடம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. ஆகவே வாடை மூன்று மாதத்துக்கு விற்பனை இலக்கே வேண்டாம், விதையைக் காப்பாற்றுவது மட்டும் போதும். தை பிறந்ததும் பெருக்கத் தொடங்கலாம். பொதுக்குழு, பயிற்சி, கணக்குத் தணிக்கை எல்லாவற்றையும் தடைக்காலத்தில் வைத்தால் விசைப்படகுக்குப் போகிறவர்களும் வந்து உட்காருவார்கள்.

நேரடி விற்பனை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தோற்பது இதுதான். திட்டம் "இடைத்தரகரை நீக்குதல்" என்கிறது. உறுப்பினரோ வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். வலைக்கும் இன்ஜினுக்கும் வாங்கியது, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கியது. அந்தக் கடன் நிற்கும்வரை சரக்கு அந்த வியாபாரிக்குத்தான் போகும், அவர் சொன்ன விலைக்குத்தான் போகும். 40 பேருக்கு ஆளுக்கு 25,000 ரூபாய் என்றால் 10 லட்சம். நேரடி விற்பனைக்கான முதல் வேலை குளிர்சாதன வண்டி வாங்குவது அல்ல. யாருக்கு எவ்வளவு முன்பணம் என்று வீடு வீடாகக் கேட்டுப் பட்டியல் எடுப்பதும், அதில் கடன் குறைவாக உள்ள பத்து உறுப்பினர்களை முதலில் மீட்பதும்தான். கூடவே ஒரு சுற்றுச் சரக்குக்கான ரொக்கம் கையில் இருக்க வேண்டும். வியாபாரி அன்றே காசு கொடுப்பார். நிறுவனமோ, வாங்குபவரின் பணம் வரும்வரை மூன்று வாரம் காத்திருக்கச் சொன்னால், அடுத்த மூட்டை பழைய இடத்துக்கே போகும். உறுப்பினர்களைக் குறை சொல்ல முடியாது, அடுப்பு அன்றைக்கே எரிய வேண்டும்.

உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும் என்பது சட்டம். வேலையைக் கண்காணிக்க அது போதாது. மூன்று மாதத்தில் பாசி இரண்டு சுற்று போய்விடும், முதல் சுற்றின் தவறு இரண்டாவதிலும் நடந்து முடிந்திருக்கும். 45 நாளுக்கு ஒரு கூட்டம், அதற்கு ஒரே ஒரு தாள். ஒவ்வொரு வேலைக்கு எதிரிலும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு தொகை. "குழு பொறுப்பு" என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்றே பொருள். ஐந்து வேலைக்கு மேல் அந்தத் தாளில் ஏற்றக் கூடாது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால் எதை நிறுத்துகிறோம் என்பதையும் அங்கேயே எழுத வேண்டும். ஊறுகாய், ஊட்டச்சத்து மாவு, சுற்றுலாப் படகு என்று ஒரே ஆண்டில் எல்லாவற்றையும் தொடுவதால்தான் எதுவும் கரை சேருவதில்லை.

காயப்போடும் கொட்டகையில் ஒரு கரும்பலகை தொங்கட்டும். தண்ணீரில் உள்ள மிதவை எத்தனை, மறுபடி கட்டிய விதை எத்தனை கிலோ, காய்ந்த எடை எவ்வளவு, மணல் கலந்ததற்காக வாங்குபவர் எவ்வளவு கழித்தார், அறுத்த நாளிலிருந்து எத்தனை நாளில் கைக்குக் காசு வந்தது. இந்த ஐந்தும் வாரா வாரம் மாற வேண்டும். மணல் கழிவு ஏறினால் தரையில் காயப்போடுகிறார்கள், பரண் போதவில்லை. விதை எடை குறைந்தால் யாரோ அவசரத்துக்கு விதையை விற்றிருக்கிறார்கள். போய்த் திட்ட வேண்டாம், அந்த வீட்டில் என்ன நெருக்கடி என்று கேளுங்கள்.

திட்டத்தின் கடைசி வரியை வாடைக்கு முன்பே எழுதி வையுங்கள்: நவம்பர் 15-இல் மிதவை பாதிக்குக் கீழே போயிருந்தால் ஜனவரியில் புதிய உறுப்பினர் சேர்க்கை இல்லை, விதை வாங்க ஒதுக்கிய பணத்தைக் கட்டடத்துக்கோ விழாவுக்கோ எடுப்பதில்லை, இதை யாரும் தனியாக மாற்ற முடியாது, பொதுக்குழு கூடித்தான் மாற்றலாம். புயல் அடித்த மறுநாள் கரையில் நின்று இதை முடிவு செய்ய யாராலும் முடியாது.